வள்ளத்தில் கடைந்த கரண்டு

என் கணவர் கைபட்ட எந்த மெஷினிலும் கோளாறு வந்ததே இல்லை. நான் சொல்லவில்லை, அவர் சொல்வார். ரப்பர் ஷீட் அமுக்கும் ரோலர் பாதியில் நின்றுபோனால் அது ரப்பர்பாலில் ஆசிட் கலந்தவன் குற்றம். அவர் பூட்டிய கப்பி கழன்று வாளியோடு கிணற்றுக்குள் போனால் கிணறு தேவைக்கு மேல் ஆழம். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை ஒருநாள் பிரித்துப் பூட்டினார். அதன்பிறகு அது ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடித்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "அதுக்கு வயசாயிப் போச்சு. அடிச்சத மறந்து இன்னொருக்க அடிக்கிது."

எனக்கு இருந்தது வேறு வியாதி. மனதில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. சபையில் போதகர் ஐயருடைய பிரசங்கம் நீளம் என்பதை ஐயரிடமே சொன்னவள் நான். புதுச்சேலை எடுத்த பெண்கள் எங்கள் வீட்டு வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போவார்கள் என்று கேள்வி. பொய் சொல்லக் கூடாது என்று வேதத்தில் இருப்பதால்தான் அப்படி இருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். சொல்லிவிட்டால் எனக்கு ஒரு சுகம், அவ்வளவுதான்.

பேச்சிப்பாறை அணையின் கரையில், ஒரு ரப்பர் எஸ்டேட்டின் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருந்தோம். எஸ்டேட் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையதாக இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு அவர் அதைக் குலசேகரத்து வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். என் கணவர் அங்கே மெக்கானிக். நான் தையல் மெஷின் வைத்திருந்தேன். ஜம்பர், பாவாடை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நிக்கர் எல்லாம் தைப்பேன். நான் சொல்லப்போகிற சமயத்தில் எட்டாம் மாதம். வயிற்றிலிருந்த பிள்ளைக்குச் சின்னச் சட்டைகள் வெட்டி வைத்திருந்தேன்.

துரை போகும்போது மூன்று சாமான்களை விட்டுப் போயிருந்தார். ஒன்று, பேட்டரியில் பாடும் ரேடியோ. இரண்டாவது, ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த கார். மூன்றாவது, அணையில் உல்லாசமாகச் சுற்ற அவர் வைத்திருந்த பாய்மர வள்ளம். வள்ளத்தில் ஒரு சின்ன எஞ்சினும் இருந்தது. புது முதலாளி அதைக் கழற்றித் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோய்விட்டார். எஞ்சின் இருந்த குழியும், அங்கிருந்து பின்னால் போகும் இரும்புத் தண்டும், தண்டின் நுனியில் தண்ணீருக்குள் இருக்கும் விசிறியும் மட்டும் மிச்சம். அக்கரைத் தோட்டத்து ஷீட் கட்டுகளைப் பாய் விரித்து இக்கரைக்குக் கொண்டுவர அந்த வள்ளம் ஓடியது.

அந்த வள்ளத்தை ஓட்டியவர் இராஜாக்கமங்கலம் கடற்கரையிலிருந்து மலையேறி வந்தவர். எங்களைப்போல வேதக்காரர்தான், ஆனால் மாதாவைக் கும்பிடுகிற வகை. எங்களுடைய அணை அவருக்கு ஒரு பெரிய குட்டை. "உப்பில்லாத வெள்ளத்துல என்ன வள்ளம் ஓட்டு" என்று தினமும் ஒரு தடவையாவது அலுத்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது, நான்தான் வளர்த்தேன். பாட்டும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்தபிறகு திருவனந்தபுரத்தில் ஒரு வாத்தியாரிடம் கற்கப் போயிருந்தாள். ரேடியோ நிலையத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் பாடும் பழைய பாட்டை, வயலின் பக்கத்தில் வைத்துப் பாடப்போகிறாளாம். கடைசியில் எழுதியிருந்தாள்: "அக்கா, மற்றவர்கள் எல்லோரும் நன்றாயிருந்தது என்றுதான் சொல்வார்கள். நீ கேட்டுவிட்டு உள்ளதைச் சொல். நீ சொன்னால்தான் நான் நம்புவேன்."

அந்தக் காலத்தில் ரேடியோவில் நேராகப் பாடுவதுதான். பாடி முடித்தால் போயிற்று, இன்னொரு தடவை கேட்க வழியில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு நேராக முதலாளியின் பங்களாவுக்குப் போனேன். ரேடியோ செத்துக் கிடந்தது. தேர்தல் முடிவுகளை முதலாளி மூன்று நாள் இரவும் பகலும் கேட்டு, பேட்டரியை ஒட்ட உறிஞ்சியிருந்தார்.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டுமானால் தலைச்சுமையாகக் குலசேகரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் மார்த்தாண்டம் போக வேண்டும். அங்கேயோ தேர்தலுக்குக் கத்தித் தீர்த்த மைக் செட்டுக்காரர்களின் பேட்டரிகள் வரிசையில் நின்றன. ஒரு வாரம் ஆகும் என்று, விசாரிக்கப் போயிருந்த முதலாளியின் ஆள் வந்து சொன்னான். நான் குலசேகரத்துக்குப் போய் ஏதாவது கடை ரேடியோவில் கேட்கலாமென்றால், அந்த ரோட்டில் வண்டி ஏறினால் பிள்ளை வண்டியிலேயே பிறக்கும் என்று மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா மிரட்டியிருந்தார். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் என் கணவருக்குத் தெரிந்தது.

"ஏட்டி, அழாத. கரண்ட இஞ்சயே உண்டாக்கலாம்" என்றார்.

"எதுல? அடுப்புலயா?"

"வள்ளத்துல."

அவர் பல நாளாக ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். வள்ளம் பாயில் ஓடும்போது, எஞ்சின் இல்லாமலே, தண்ணீர் தள்ளுகிற தள்ளில் விசிறி சுற்றும். கூடவே தண்டும் சுற்றும். வள்ளக்காரருக்கு அது பிடிக்காது. சுற்றுகிற விசிறி வள்ளத்தைப் பின்னுக்கு இழுக்கிறது என்று தண்டைக் கயிற்றால் கட்டிப் போட்டிருப்பார். அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தண்டில் ஒரு பெரிய சக்கரத்தை மாட்டி, அதிலிருந்து பெல்ட் போட்டு, காரிலிருக்கும் டைனமோவைச் சுற்றினால் பேட்டரி தானாக ஏறும். இதுதான் திட்டம். கேட்கும்போது எனக்கே நம்பிக்கை வந்தது. பெரிய சக்கரம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது என் தையல் மெஷினுக்குக் கீழே காலால் மிதிக்கும் பலகை மட்டும் இருந்தது, சக்கரம் இல்லை. தைத்துக்கொண்டிருந்த சின்னச் சட்டை ஒற்றைக் கையோடு ஊசியில் தொங்கியது. நான் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, "சனியாச்ச ராத்திரி திருப்பி மாட்டித் தருவேன்" என்று சொல்லிச் சக்கரத்தோடு போய்விட்டார்.

காரிலிருந்து டைனமோவைக் கழற்றியபோது, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருந்தது. அதற்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. மெஷின் என்றால் அவருக்குச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் அசையவாவது வேண்டும். இது சும்மா இருந்தது. "இது அழகுக்கு வச்சது" என்று சொல்லி அதை அணையில் வீசிவிட்டார்.

வள்ளக்காரர் கயிற்றை அவிழ்க்க லேசில் சம்மதிக்கவில்லை.

"காத்து எனக்க பாய்க்கு அடிக்கிது. அதுல பாதிய ஒனக்க விசிறி தின்னா வள்ளம் எப்படித் தம்பி ஓடும்?"

"அண்ணே, சும்ம கெடக்கத நாலு நாளு சுத்த விடும். தேஞ்சா போவும்?"

"ஷீட்டுக்கட்டு நேரத்துக்கு இக்கர சேரல்லேன்னா மொதலாளி என்னயில்லா கேப்பாரு."

கடைசியில் நான் போய் நின்றேன். என் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சி கேட்டு இல்லையென்று சொல்ல அவருக்குப் பயம். முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

அடுத்தது பெல்ட். தையல் மெஷினின் தோல் பெல்ட் நீளம் போதாது, நனைந்தால் வழுக்கவும் செய்யும். இந்த இடத்தில்தான் ரப்பர் எஸ்டேட்டில் வாழ்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தை என் கணவர் செய்தார். அங்கே எதற்கும் ரப்பர்தான். கதவு ஆடினால் ரப்பர், குடம் ஒழுகினால் ரப்பர், கன்றுக்குட்டியைக் கட்டுவதற்கு ரப்பர், பல்வலிக்குக்கூட ஒருத்தர் ரப்பர்பால் வைத்துப் பார்த்திருக்கிறார். ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் காய்ந்ததில் ஒன்றை எடுத்து, நீளமாக அறுத்து, நுனிகளைப் பால் தடவி ஒட்டிப் பெல்ட் ஆக்கினார். வியாழக்கிழமை மத்தியானம் காற்று வந்தது. பாய் விரிந்தது, தண்டு சுற்றியது, பெல்ட்டும் சுற்றியது. சுற்றச் சுற்ற நீண்டது. வெயில் ஏற ஏற இன்னும் நீண்டது. டைனமோ அசையவேயில்லை. பெல்ட் மட்டும் தொளதொளவென்று நீண்டு, கடைசியில் ஒரு துள்ளு துள்ளிச் சக்கரத்தை விட்டுக் கிளம்பி, சுக்கானைப் பிடித்திருந்த வள்ளக்காரரின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"கடல்ல முப்பது வருசம் கெடந்தேன். சுறா அடிச்சதில்ல. ஒனக்க பெல்ட்டு அடிச்சுப்போட்டு" என்று கன்னத்தைப் பிடித்தபடி கரையேறினார்.

"பெல்ட்டுல ஒண்ணும் இல்ல. வெயிலு கூடுதலு" என்றார் என் கணவர்.

அன்றைக்கு நானே ஊசியை எடுத்தேன். கிழிந்த பழைய பாய்த்துணியில் மூன்று விரல் அகலத்துக்கு அறுத்து, இரண்டு மடிப்பாக மடித்து, உள்பக்கம் மட்டும் ரப்பரை வைத்துக் கையாலேயே தைத்தேன். துணி நீளாது, ரப்பர் வழுக்காது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், நாலு பாவாடைக்கு நாடா கோத்தவள் போதும். இதையும் அவரிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடல்காற்று மலை வரைக்கும் ஏறி வந்தது. நான் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரியோடு காரின் பின்விளக்கு பல்பு ஒன்றையும் சேர்த்துக் கட்டியிருந்தார். வள்ளம் வேகம் எடுத்ததும் அந்தப் பல்பு சிவந்தது, பிறகு மஞ்சளாகியது, பிறகு பளிச்சென்று எரிந்தது. அணையின் நடுவில் அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். பட்டப்பகலில் ஒரு பல்பு எரிவதைப் பார்த்து அழுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று மணி நேரம் ஓடினார்கள். அந்தி சாயும்போது காற்று நின்றது. பாய் துவைத்துப் போட்ட துணி மாதிரித் தொங்கியது. ஆனால் வள்ளம் நிற்கவில்லை. துடுப்பு இல்லை, காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது, வள்ளம் தன்பாட்டில் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ரப்பர்பால் வெட்டுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கரையில் கூடிவிட்டார்கள். வள்ளக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு சுக்கானை விட்டுவிட்டார்.

"தம்பி, வள்ளத்துல நம்ம ரெண்டு பேரு மட்டும் இல்ல."

என் கணவருக்குப் பயமே இல்லை. தன் மெஷின் காற்றையே வேண்டாமென்று சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காக வள்ளத்தைத் திருப்பி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். மாப்பிள்ளை ஊர்வலம்போல வந்து இறங்கினார்.

நான் பல்பைப் பார்த்தேன். அது மங்கி, பீடி நுனி அளவுக்குச் சிவந்து கிடந்தது.

"காத்து நிண்ண பொறவு வள்ளத்த தள்ளினது ஆரு?" என்று கேட்டேன்.

"மெஷினு."

"மெஷின ஆரு சுத்தினா?"

அவர் குனிந்து பல்பைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். மத்தியானம் முழுக்கக் காற்று பேட்டரிக்குள் போட்டதை, சாயங்காலம் பேட்டரி டைனமோவுக்கே திருப்பிக் கொடுத்திருந்தது. டைனமோ மோட்டாராகிச் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் தண்டைச் சுற்ற, தண்டு விசிறியைச் சுற்ற, என் தங்கையின் பத்து நிமிடமும் அணையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கரைந்துபோயிருந்தது. டைனமோ வேகம் குறைந்ததும் இணைப்பை அறுத்துவிடுவதுதான் அந்த எறும்புக்கூட்டு டப்பாவின் வேலை. அது அணையின் அடியில் கிடந்தது.

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல. இந்தப் பேட்டரிக்கு நன்னி கெடயாது" என்றார். நான் பேசாமல் இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அவரே வந்து சொன்னார். பேட்டரி முழுக்க ஏற இனி நேரமில்லை. ரேடியோவையே வள்ளத்தில் ஏற்றிவிடலாம், ஓட ஓடக் கேட்கலாம். டப்பா செய்யவேண்டிய வேலையை அவர் கையாலேயே செய்வார். வயரைப் பிடித்துக்கொண்டு நின்று, பல்பு மங்கினால் எடுத்துவிடுவார், பிரகாசித்தால் வைப்பார். வள்ளத்தில் ஏறக்கூடாது என்று நர்சம்மா சொல்லவில்லையே என்று நான் யோசித்தேன். நர்சம்மாவுக்கு அது தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

இரண்டு மணியிலிருந்து ஓடினோம். ஷீட் கட்டு ஒன்றின்மேல் நான், என் மடியில், வயிற்றுக்கு முட்டுக்கொடுத்து, ரேடியோ. பின்னால் வள்ளக்காரர். குழிக்குள் குனிந்தபடி, கையில் வயரோடு என் கணவர். ஐந்தேகாலுக்கு ரேடியோவைத் திருப்பினோம். கரகரவென்று இரைந்தது. அதற்குள்ளிருந்து யாரோ மலையாளத்தில் தேங்காய் விலை சொன்னார்கள். வள்ளக்காரர் மறுபடியும் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஐந்தரைக்கு என் தங்கையின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு வயலின், பிறகு அவள். ஏழு வயதில் என் இடுப்பில் கிடந்து மூக்கொழுகிய குரல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. காற்று வீசினால் குரல் நிமிர்ந்தது, காற்று தளர்ந்தால் குரலும் தளர்ந்தது. வள்ளக்காரர் பாயின் கயிற்றை இழுத்து இழுத்து, இருக்கிற காற்றையெல்லாம் பொறுக்கிக் கொடுத்தார். பல்லவி போயிற்று. முதல் சரணம், இரண்டாம் சரணம்.

மூன்றாம் சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"போச்சு" என்றார் வள்ளக்காரர். என் கணவர் வயரை எடுத்து, வைத்து, எடுத்து, பெல்ட்டைத் தொட்டு, விரலை நசுக்கிக்கொண்டார். எனக்கு மட்டும் தெரிந்தது. வயலின் கேட்டுக்கொண்டேயிருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. வயலின்காரர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலும் அவளுக்கு அந்த மூன்றாம் சரணத்தின் முதல் வரி மறந்துபோகும். பண்டிகையன்று பாடகர் குழுவில் அவளுக்குப் பின்னால் நின்று முதுகில் கிள்ளி, வரியைக் காதில் சொல்லிக்கொடுப்பேன்.

கிள்ளுவதற்கு முதுகு இல்லை. ரேடியோவைத் தூக்கி அதன் முகத்தைப் பார்த்து, அந்த வரியைச் சத்தமாகப் பாடினேன். இரண்டாவது தடவையும் பாடினேன். அணையில் என் குரல் போய் மலையில் தட்டித் திரும்பி வந்தது. அப்போது அவளும் பாடினாள், அதே வரியை, தடங்கல் இல்லாமல். கடைசி வரைக்கும் பாடி முடித்தாள். காற்று முடிந்தது அதற்கும் பிறகுதான்.

வள்ளக்காரர் எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டார்: பாட்டு நடுவில் மெக்கானிக்கின் கரண்டு நின்றுபோயிற்று. என் கணவருக்குத் தாங்கவில்லை. புகைப்புரையிலும் டீக்கடையிலும் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி விளக்கினார். "ஓய், கரண்டு போனா வயலின் எப்படிக் கேக்கும்? வயலின் கேட்டுதா இல்லியா? பாடின பிள்ள மறந்துபோச்சு. எனக்க மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் மெஷின் உண்மையிலேயே கோளாறு இல்லாமல் ஓடியிருந்தது. அதை நம்பத்தான் ஆள் இல்லை.

பாட்டைப் பற்றித் தங்கைக்கு நான் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. பிள்ளை பிறந்ததும் நேரில் வா என்று மட்டும் எழுதிப்போட்டேன்.

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனபோது வந்தாள். மெலிந்திருந்தாள். ரேடியோ நிலையத்தில் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்களாம், வரவில்லை என்று எழுதிவிடப் போகிறாளாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரலைப் பிரித்து மடக்கியபடியே கேட்டாள்.

"அக்கா, நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"எல்லாரும் நல்லா இருந்துதுன்னு சொல்லுகினும். நீ உள்ளதச் சொல்லு. மூணாவது சரணம்?"

என் வாய் எனக்குத் தெரிந்த வாய்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்த எடத்துல இஞ்ச காத்து நிண்ணுபோச்சு, மக்களே. கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. மத்ததெல்லாம் கேட்டேன். எனக்கு அவ்வளவு நல்லாப் பாட வராது."

அவள் உடனே நம்பவில்லை. என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து என் தையல் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படியா அத்தான்? வயலினும் கேக்கலியா?"

மாதக்கணக்கில் ஊரெல்லாம் அலைந்து அந்த மனிதர் நிரூபித்துக்கொண்டிருந்தது அந்த வயலினைத்தான். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வயலினும் கேக்கல, பிள்ளே. ஒண்ணும் கேக்கல. எனக்க மெஷினு அந்த எடத்துல அப்படியே நிண்ணுபோச்சு. எனக்க கோளாறுதான்."

அவள் மூச்சை விட்டாள். இன்னொரு தடவை பாடப் போனாள், அதன்பிறகும் பல வருஷம் போனாள். அவரோடு நான் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தேன். தன் மெஷினில் கோளாறு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். அதுவும் பொய்.